பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழா? ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்!

பிறந்து நாலே நாளான பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி என்னிடம் வந்தார். குழந்தையின் இமைகள் இரண்டும் வீங்கி, மஞ்சளாகச் சீழ் வழிந்துகொண்டிருந்தது. "தாய்ப்பால் விட்டுப் பார்த்தேன், கேட்கலை. நந்தியாவட்டைச் சாறு விடலாமா வைத்தியரே?" என்றார். நான் ஒரு சொட்டு மருந்தும் தரவில்லை. ஆட்டோ பிடித்து, அப்போதே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, பார்வை தப்பியது.

'சித்த வைத்தியரே இப்படிச் செய்யலாமா?' என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

கண் சிவந்தாலே நாம் 'மெட்ராஸ் ஐ' என்போம். அது பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே ஆறிவிடும். இந்தக் குழந்தைக்கு வந்ததோ வேறு. நாங்கள் 'வெட்டை' என்று சொல்லும் பால்வினை நோயை உண்டாக்குவது கானோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தாயின் பிறப்புவழியில் அது இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் புகுந்துவிடும். பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள் சீழ் கொட்டும். அசட்டையாக இருந்தால், ஒரே நாளில்கூடக் கருவிழியில் துளை விழலாம்.

கிளாமிடியா என்று இன்னொரு கிருமி. இது 5 முதல் 14 நாட்களில் தலைகாட்டும். வேகம் குறைவுதான், ஆனால் நுரையீரலுக்கும் போய்ச் சளிக்காய்ச்சலில் கொண்டுவிடலாம்.

காலையில் லேசாகப் பீளை ஒட்டுவது பல குழந்தைகளுக்குச் சகஜம். கண்ணீர்க்குழாய் அடைப்பாக இருக்கும். கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் வந்தால்தான் அவசரம்.

1880-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற பிரசவ மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த இந்நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று பல நாடுகளில் அதற்குப் பதில் ஆன்டிபயாடிக் களிம்பு போடுகிறார்கள்.

நோய் வந்துவிட்டால் சொட்டு மருந்து மட்டும் போதாது. கானோகாக்கஸுக்கு ஊசி, கிளாமிடியாவுக்கு உள்ளுக்கு மருந்து. அம்மா, அப்பா இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் கிருமி திரும்பவும் தொற்றிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் இது வரும். பிறப்புறுப்பைத் தொட்ட கை கண்ணில் பட்டாலே போதும். ஒரு கண் மட்டும் வாரக்கணக்கில் சிவந்து, பிசுபிசுவென்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியார்மார்களே, தயவுசெய்து மருமகள் மேல் பழி போடாதீர்கள். பல பெண்களுக்கு இந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாது. உங்கள் பிள்ளையிடமிருந்தே வந்திருக்கலாம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

கர்ப்பிணிகளே, வெள்ளைப்படுதல் அதிகமானாலோ, நீர்க்கடுப்பு இருந்தாலோ மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கணவருக்கு அந்த மாதிரித் தொந்தரவு என்றாலும் சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்கு முன்பே குணப்படுத்திவிடலாம். கூச்சம் ஐந்து நிமிஷம்தான். பிள்ளையின் பார்வை ஆயுசுக்கும் வேண்டுமே!