சுவரும் சித்திரமும்

ஐரோப்பியப் பயணங்களிற் காணத்தக்க சுவரோவியங்கள்: ஓர் அறிமுகம்

"சுவரிருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. உடல்நலம் பேணவேண்டும் என்பதை வலியுறுத்தவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்வர். ஆயினும் ஒரு பழமொழி நிலைபெறுவதற்கு அது குறிக்கும் செயல் மக்களுக்கு நன்கு பழக்கமானதாய் இருத்தல் வேண்டும். சுவரிலே சித்திரம் எழுதுதல் தமிழருக்கு எவ்வளவு பழகிய கலை என்பதற்கு இப்பழமொழியே சான்றாகும்.

கோடை விடுமுறை வந்ததும் அம்மருட்டிலும் அயலிலும் வாழும் நம் குடும்பங்களிற் பல பாரிசுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் யேர்மனிக்கும் உறவினரைக் காணப் புறப்படுகின்றன. திருமணம், கோயில் திருவிழா, கடைத்தெரு என்று நாட்கள் விரைந்து கழிந்துவிடுகின்றன. அப்பயணங்களில் ஒரு நாளையேனும் சுவரோவியம் காண ஒதுக்குமாறு பெற்றோரை வேண்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டமிட்ட ஓவியத்தை நாட்டுக்கு நாடு கொண்டுசென்று காட்சிக்கு வைக்கலாம். சுவரோவியம் பிறந்த இடத்திலேயே வாழ்ந்து, அவ்விடத்து மக்களின் கதையை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனை நாடி நாமே செல்லவேண்டும். ஏதிலிகளாகப் புறப்பட்ட நாம் நூல்களையும் ஒளிப்படங்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். சுவர்களைக் கொண்டுவர இயலவில்லை. ஆகவே ஒரு சுவரின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

ஈரச் சுவரில் எழுதும் கலை

சுவரோவியங்களுள் சிறந்த வகையை இத்தாலியர் 'பிரெஸ்கோ' என்பர். புதியது, ஈரம் உலராதது என்பது அச்சொல்லின் பொருள். சுட்ட சுண்ணாம்பை நீரிற் கரைத்து, மணலுடன் குழைத்துச் சாந்தாக்கிச் சுவரிற் பூசுவர். அச்சாந்து உலர்வதற்கு முன்னர், நீரிற் கரைத்த வண்ணப்பொடியினால் ஓவியன் விரைந்து எழுதுவான். பசை எதுவும் சேர்ப்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகின்றது. அப்பொழுது வண்ணமும் அக்கல்லினுள் அகப்பட்டுக்கொள்கின்றது. வண்ணம் சுவரின் மேலே படிந்திராது சுவராகவே ஆகிவிடுவதனால் நூற்றாண்டுகள் கடந்தும் அது நிலைக்கின்றது.

இக்கலையில் பிழைதிருத்தம் அரிது. ஒரு நாளில் எவ்வளவு எழுத இயலுமோ அவ்வளவு பரப்புக்கே சாந்து பூசுவர். உலர்ந்தபின் மாற்றவேண்டுமாயின் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். உற்றுநோக்கின் ஒரு நாள் வேலையும் மறுநாள் வேலையும் சந்திக்கும் மெல்லிய பொருத்துக் கோடுகள் தென்படும். அவற்றைக் கண்டுபிடிப்பது மாணவருக்கு நல்ல விளையாட்டாகும்.

நம் நிலத்துச் சுவர்கள்

புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசலில் சமணர் குடைந்த கோயிலொன்று உண்டு. அதன் விதானத்திலே தாமரைக் குளமும், மீன்களும், அன்னங்களும், யானைகளும், மலர் பறிப்போரும் எழுதப்பட்டுள்ளனர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. 'ஆசிரியன்' என்னும் சொல் அக்கல்லிலே இருப்பதை எண்ணி ஆசிரியராகிய நாம் மகிழலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை வேறு. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றிலே சோழர் கால ஓவியங்கள் உள்ளன. பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியில் அவற்றின் மேலே வேறு ஓவியங்கள் எழுதப்பட்டன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, மேலடுக்கு உதிர்ந்த இடங்களில் உள்ளே மற்றோர் ஓவியம் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்தார். சுந்தரர் கயிலை செல்லும் காட்சி அவற்றுள் ஒன்று. பல நூற்றாண்டுகள் மறைந்திருந்தும் அழியவில்லை என்பதே அச்சுவர் தரும் செய்தி.

இலங்கையின் சிகிரியாக் குன்றில் 5ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பெண்ணுருவங்கள் உள்ளன. 1967இல் யாரோ அவற்றின்மீது வண்ணம் பூசிச் சிதைத்தனர். அவற்றைச் சீர்செய்வதற்கு இத்தாலியிலிருந்து ஒரு நிபுணர் வரவேண்டியிருந்தது. இக்கலையைக் காக்கும் அறிவும் நாடுகளுக்கிடையே பகிரப்படுகின்றது என்பதற்கு இது சான்று.

நம் வாசலிலுள்ள சுவர்கள்

தொலைவிற் செல்லுமுன் ஒஸ்லோவைப் பார்ப்போம். அம்மருட் நிலையத்திற் சுரங்கத் தொடருந்தில் ஏறி நஷனால்தியாத்ரே நிலையத்தில் இறங்கினால் இரண்டு இடங்களையும் நடந்தே அடையலாம்.

முதலாவது, ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் பழைய விழா மண்டபம். 'ஔலா' எனப்படும் அம்மண்டபத்திற்கென எட்வார்ட் மூங்க் எழுதிய 11 ஓவியங்கள் 1916இல் அங்கு பொருத்தப்பட்டன. இவை துணியில் எண்ணெய் வண்ணத்தால் எழுதப்பட்டவை. ஆகையால் பிரெஸ்கோ அல்ல. நடுவே கடலின்மேல் எழும் பெரிய 'சூரியன்'. ஒரு பக்கச் சுவரில் 'வரலாறு', மறு பக்கத்தில் குழந்தைக்குப் பாலூட்டும் தாயைக் காட்டும் 'அல்மா மாத்தர்'. 'வரலாறு' என்னும் படத்தில் அரசரும் இல்லை, போரும் இல்லை. பெரியதோர் ஓக் மரத்தின் கீழே முதியவர் ஒருவர் அமர்ந்து சிறுவன் ஒருவனுக்குக் கதை சொல்கின்றார். அவ்வளவே படம். வரலாறு என்பது மூத்தவர் சொல்ல இளையவர் கேட்பது என்று மூங்க் கருதினார் போலும். வாரந்தோறும் இப்பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஒவ்வொரு பெற்றோரும் காணவேண்டிய ஓவியம் இது.

இரண்டாவது, 1950இல் திறந்துவைக்கப்பட்ட மாநகரசபைக் கட்டடமாகிய 'றொட்ஹூஸ்'. 1990 முதல் அமைதிக்கான நோபல் பரிசு இங்கேயே வழங்கப்படுகின்றது. பெருமண்டபத்தின் ஒரு முழுச் சுவரையும் நிரப்பும் என்ரிக் சோரன்சனின் ஓவியம் எண்ணெய் வண்ணத்தால் ஆனது. அதே மண்டபத்தில் அல்ப் றொல்வ்சன் எழுதியவை ஈரச்சுவர் ஓவியங்கள். இரு வகையையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டு அறிய இது நல்ல வாய்ப்பு.

றொல்வ்சனின் சுவர்களுள் ஒன்று நோர்வே அந்நியப் படையிடம் சிக்கியிருந்த 1940 முதல் 1945 வரையான ஐந்தாண்டுகளைச் சொல்கின்றது. குண்டுவீச்சு, வீட்டுக்குள் நுழையும் இரகசியப் பொலிசார், மறைந்திருந்து எதிர்ப்போர், இறுதியில் விடுதலைக் கொண்டாட்டம் என அது தொடர்கின்றது. மற்றொரு பக்கத்தில் நோர்வேயின் உழைக்கும் மக்கள் எழுதப்பட்டுள்ளனர். இம்மண்டபத்தில் பிரித்யோவ் நான்சனின் உருவமும் உண்டு. நாடற்ற ஏதிலிகளுக்குக் கடவுச்சீட்டு கிடைக்க வழிசெய்து, 1922இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். மேலே கிழக்குக் கூடத்தின் சுவர்களையும் கூரையையும் பேர் குறோக் தம் ஓவியங்களால் நிரப்பினார். அவர் அப்போர்க்காலத்தில் கிரினி தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்.

1940 ஏப்ரல் 9ஆம் நாள் என்ன நடந்தது என்பதை நம் பிள்ளைகள் நோர்வேப் பாடசாலையிற் கற்கின்றனர். அச்சுவரின் முன்னே நிற்கும்பொழுது, "அப்பா, எங்கட ஊரிலும் இப்படி நடந்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அக்கேள்வியைத் தட்டிக்கழியாதீர்கள். பிள்ளையின் வயதுக்கேற்ற அளவில், தமிழிலே விடை கூறுங்கள். துயரத்தைச் சொல்லும் ஒரு மக்கள் அதனை மறைக்காது, தம் நகரின் நடு மண்டபத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயண வழியிற் காண்பவை

வாகனத்திற் தெற்கே செல்வோர் டென்மார்க்கைக் கடப்பர். அங்கே மோன் தீவின் எல்மலுண்ட, வானவியோட் முதலிய சிற்றூர்த் தேவாலயங்களில் எழுத்தறியா மக்களுக்காக எழுதப்பட்ட விவிலியக் காட்சிகள் உள்ளன. சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் இத்தகைய ஓவியங்கள் பல வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவ்வெள்ளைப் பூச்சை நீக்கியபொழுது அவை வெளிப்பட்டன. மறைத்த சுண்ணாம்பே அவற்றைக் காத்தது. தஞ்சையை இங்கே நினைவுகூர்க.

சுவிற்சர்லாந்துவரை செல்வோருக்கு இத்தாலியின் மிலான் நகரம் தொலைவன்று. அங்கே லியனாடோ டாவின்சி 1498 அளவில் முடித்த 'இறுதி இராப்போசனம்' உள்ளது. அவர் பிரெஸ்கோ முறையின் விரைவை விரும்பாது உலர்ந்த சுவரில் மெதுவாக எழுதினார். அதன் பயனாக அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1943இல் குண்டுவீச்சில் அக்கூடத்தின் பெரும்பகுதி இடிந்தபோதும், மணல்மூட்டைகளாற் காக்கப்பட்ட ஓவியச் சுவர் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999இல் முடிவுற்றது.

பாதுவா நகரில் ஜியோத்தோ 1305 அளவில் எழுதிய சிற்றாலயம் உண்டு. மக்களின் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரைத் தாக்காதிருக்கும்பொருட்டு, வருவோரை ஒரு தனியறையிற் சற்று இருத்தி வைத்தே உள்ளே விடுகின்றனர். உரோமாபுரியில் வத்திக்கானின் சிஸ்தீன் ஆலயக் கூரையை மைக்கல் ஆஞ்சலோ 1508 தொடக்கம் 1512 வரை சாரத்தில் நின்றபடி, அண்ணாந்து நோக்கி எழுதினார்.

இவை அனைத்திலும் நான் முதன்மையாகப் பரிந்துரைப்பது சியனா நகரின் பழைய நகரசபை மண்டபமே. அங்கே அம்புரோஜியோ லொறென்செற்றி 1338, 1339ஆம் ஆண்டுகளில் நல்லாட்சியின் பயனையும் கொடுங்கோன்மையின் பயனையும் எதிரெதிரே எழுதினார். நல்லாட்சி நகரில் கடைகள் திறந்துள்ளன, பெண்கள் ஆடுகின்றனர், ஆசிரியர் ஒருவர் மாணவருக்குப் பாடம் நடத்துகின்றார், வெளியே உழவர் கதிர் அறுக்கின்றனர். கொடுங்கோன்மை நகரில் நீதி கட்டுண்டு கிடக்கின்றது, வீடுகள் சிதைந்துள்ளன, ஆயுதம் செய்பவன் ஒருவனுக்கே அங்கு தொழில் உண்டு. நகரை ஆண்டவர்கள் அமர்ந்து முடிவெடுத்த அறையிலே, அவர்கள் கண்ணிற் படும்படி இவை எழுதப்பட்டன. எது இருந்தால் பள்ளிக்கூடம் நடக்கும், எது வந்தால் அது மூடப்படும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய வேறொரு சுவரை நான் அறியேன்.

எவ்வாறு காண்பது?

மாணவச் செல்வங்களே, ஓர் ஓவியத்தின் முன் குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் தொலைவில் நின்று முழுமையையும், பின்னர் அருகிற் சென்று ஒரு மூலையையும் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், விரலிலுள்ள எண்ணெய் அதற்குப் பகை. படம் பிடிக்கத் தடையுள்ள இடங்களில், சிஸ்தீன் ஆலயம் போன்றவற்றில், கண்ணையே கருவியாகக் கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் கண்டவற்றைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். றொட்ஹூஸ் விழா நாட்களில் மூடப்படும். மிலானுக்கும் பாதுவாவுக்கும் முன்பதிவு வேண்டும். ஆகவே நேரத்தை முன்னரே உறுதிசெய்து கொள்க. பிள்ளைகளைச் சுவரின் முன் நிறுத்திவிட்டு விலகி நில்லாமல் அருகில் நின்று பேசுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் சுவரில் என்ன இருந்தது, உங்கள் பாடசாலையின் சுவர் எந்நிறமாய் இருந்தது என்பதைச் சொல்லுங்கள். நாம் விட்டுவந்த சுவர்களைப் பிள்ளைகள் காணும் வழி நம் சொல் ஒன்றே. அச்சொல் அவர்களுக்கு விளங்குவதற்காகவே இத்தமிழ்ப்பள்ளி நடைபெறுகின்றது.