தொழில் விருந்தில் தள்ளுபடிக் கூப்பன் பயன்படுத்தலாமா?

வாடிக்கையாளர் ஒருவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறீர்கள். அதே உணவகத்துக்கு உங்கள் போனில் 20 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. பயன்படுத்தினால் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கம். விட்டுவிட்டால் ஆயிரம் ரூபாய் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கூப்பனுக்காக உங்கள் விருந்தினர் எதையும் மாற்றிக்கொள்ள நேரக் கூடாது. அவர் வரும் நேரம், சாப்பிடும் பண்டம், எழுந்து கிளம்பும் நேரம் மூன்றும், கூப்பனே இல்லாதிருந்தால் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும்.

அவருக்குத் தெரிந்தால் என்ன? தப்பொன்றும் இல்லையே? தப்பில்லைதான். ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு இலை போட்டுவிட்டு, கத்தரிக்காய் கிலோ என்ன விலைக்கு வாங்கினோம் என்று யாரும் சொல்வதில்லை. விலை காதில் விழுந்தால், வந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கச் சங்கடப்படுவார். மேஜையில் போனை எடுத்துக் கூப்பனைத் தேடும்போதும் அதுதான் நடக்கிறது. இன்னொரு ஜூஸ் சொல்லலாம் என்று நினைத்தவர் பேசாமல் இருந்துவிடுவார்.

நான் விருந்தினராகப் போன ஒரு சாப்பாட்டில், அழைத்தவர் பில் வந்த பிறகு கூப்பனைக் காட்டினார். சனிக்கிழமை செல்லாது என்றார் பரிமாறியவர். மேனேஜர் வந்தார், விதிகளைப் படித்துக் காட்டினார், இவர் மறுத்தார். பத்து நிமிடம் நாங்கள் மூன்று பேர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதுவரை நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலைப் பேச்சை அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியவில்லை. அழைத்தவர் நல்ல மனிதர். முன்கூட்டியே ஒரு போன் செய்திருந்தால் போதும்.

அந்தப் போனில் என்ன கேட்பது? நான்கு கேள்விகள் போதும். இந்தக் கூப்பன் நாம் வரும் கிழமைக்கும் நேரத்துக்கும் செல்லுமா? எத்தனை பேர்வரை செல்லும்? எந்தெந்த உணவுக்குச் செல்லாது? (மது, பஃபே, காம்போ சாப்பாடு ஆகியவற்றுக்குப் பல கூப்பன்கள் செல்லாது.) அதிகபட்சம் எவ்வளவு குறையும்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 25 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதிகபட்சம் 500 ரூபாய் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். 8,000 ரூபாய் பில்லில் 500 ரூபாய்க்காக இத்தனை பாடு வேண்டுமா என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

கூப்பனை எப்போது கொடுப்பது? காகிதக் கூப்பனாக இருந்தால், விருந்தினருக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய்க் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள். "பில்லை டேபிளுக்குக் கொண்டுவர வேண்டாம், நான் இங்கே வந்து கட்டுகிறேன்" என்று சொன்னால் உணவகத்தாருக்குப் புரியும். சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழுந்திருக்கும்போது கட்டிவிட்டு வரலாம். பில் மேஜைக்கே வராததால், "நான் கொடுக்கிறேன், நீங்கள் கொடுக்காதீர்கள்" என்ற இழுபறியும் இல்லாமல் போகும்.

ஆப் வழியாகத் தள்ளுபடி என்றால்? ஸ்விக்கி டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட், ஈசிடைனர் போன்றவற்றில் பெரும்பாலும் ஆப் வழியாகவே பணம் கட்டினால்தான் தள்ளுபடி கிடைக்கும். அதனால் இதையும் கவுண்டரில் செய்யுங்கள். போனில் சார்ஜ் இருக்கிறதா, கட்டிடத்துக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று முன்னதாகப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஓடிபி (பணம் கட்டும்போது போனுக்கு வரும் ஒருமுறை எண்) வராமல் நின்றுகொண்டிருந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

ஆப்களில் இன்னொரு சிக்கல், நேரத்தைப் பொறுத்துத் தள்ளுபடி மாறுவது. மாலை 6.30க்கு அதிகமும் 8.30க்குக் குறைவாகவும் காட்டலாம். விருந்தினருக்கு 8.30தான் வசதி என்றால் 8.30க்கே பதிவு செய்யுங்கள்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கூப்பன்? இதை மட்டும் தொழில் விருந்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். அது சாப்பிடுகிறவரின் தட்டில் கை வைக்கிற கூப்பன். "நீங்களும் பிரியாணியே சொல்லுங்களேன்" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

வேறு எப்போது தவிர்க்கலாம்? முதல் சந்திப்பில், உங்கள் பக்கத்துத் தவறுக்கு வருத்தம் சொல்ல அழைத்திருக்கும்போது, விருந்தினரே உணவகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது. கூப்பன் செல்லுபடியாகும் இடத்துக்கு அவரை மாற்றி அழைத்துப் போவது சரியல்ல.

கடைசி நேரத்தில் செல்லாது என்று சொல்லிவிட்டால்? முழுப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து உட்காருங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மறுநாள் உணவகத்துக்கோ ஆப் நிறுவனத்துக்கோ எழுதுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

டிப்ஸ் எவ்வளவு வைப்பது? தள்ளுபடிக்கு முந்தைய தொகையைக் கணக்கில் கொள்ளுங்கள். பரிமாறியவர் முழு வேலையும் செய்திருக்கிறார். உங்கள் கூப்பனுக்காக அவருக்குக் குறைவதில் நியாயம் இல்லை. பில்லில் சேவைக் கட்டணம் (உணவகமே சேர்க்கும் டிப்ஸ் போன்ற தொகை) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம், கவுண்டரில் மெதுவாக. எடுத்துவிட்டால் பரிமாறியவர் கையில் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

நான் விருந்தினர், கூப்பன் என்னிடம் இருக்கிறது. அழைத்தவருக்குக் கொடுக்கலாமா? பில் வந்தபின் வேண்டாம். உங்களுக்காகச் செலவழிக்க வந்தவரிடம், நீங்கள் செலவைப் பற்றிக் கவலைப்படுவதாகக் காட்டும். சக ஊழியர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவது வேறு. அங்கே உட்காரும்போதே "என்னிடம் கூப்பன் இருக்கிறது" என்று சொல்லுங்கள். குறைந்த தொகையை எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள்.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடம்: அலுவலகக் கணக்கு. சாப்பாட்டுச் செலவை அலுவலகத்தில் க்ளைம் செய்வீர்கள் (பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்குவீர்கள்) என்றால், கூப்பனால் குறைந்த பணம் அலுவலகத்துடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு பேருக்கு 6,000 ரூபாய்ச் சாப்பாடு. ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் மொத்தம் 6,300. உணவகமே 20 சதவீதம் குறைத்துப் பில் போட்டால் சாப்பாடு 4,800, வரி 240, மொத்தம் 5,040. பில்லிலேயே தள்ளுபடி இருப்பதால் வரியும் குறைகிறது. இங்கே குழப்பம் வராது. பில்லில் உள்ளதைக் கேட்பீர்கள்.

குழப்பம் வருவது ஆப்பில். உணவகம் 6,300 என்று அச்சடித்துக் கொடுக்கும். ஆப்பில் கூப்பன் போக நீங்கள் கட்டியது 5,300 ஆக இருக்கும். கையில் இருக்கும் காகிதம் 6,300 என்பதால் அதையே க்ளைம் செய்ய ஆசை வரும். செய்யாதீர்கள். கட்டாத 1,000 ரூபாயைக் கட்டியதாகச் சொல்வது மோசடி. கார்டு ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்காக வேலையே போகலாம்.

கேஷ்பேக்கும் (கட்டியபின் திரும்பி வரும் பணம்) கார்டு பாயின்ட்டும் யாருக்கு? சொந்த கார்டில் சேரும் பாயின்ட்டைப் பல அலுவலகங்கள் கேட்பதில்லை. ஆனால் அந்த பில்லுக்காகவே பணமாகத் திரும்பி வந்தால், க்ளைமில் கழித்துக் காட்டுவதே சரி. உங்கள் அலுவலக விதி என்ன என்று கணக்குப் பிரிவில் ஒரு முறை கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய ஜிஎஸ்டியை அலுவலகம் திரும்பப் பெற்றுக்கொள்ளாதா? உணவுத் தொழிலில் இல்லாத நிறுவனம் இப்படிப்பட்ட சாப்பாட்டுச் செலவுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுக்கப் பொதுவாகச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த வரியும் செலவுதான். அதனால் இரண்டிலும் ஒரே தொகை குறையும் என்றால், பில்லிலேயே குறைக்கும் கூப்பன், ஆப் கூப்பனைவிட அலுவலகத்துக்கு லாபம். இரண்டும் கையில் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

ஆப்பில் கட்டினால், உணவக பில்லோடு ஆப் ரசீதையும் சேர்த்து இணையுங்கள். க்ளைம் படிவத்தில் "பில் 6,300, கூப்பன் 1,000, கட்டியது 5,300" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.