குளவி கொட்டினால் முதலில் போகவேண்டிய இடம்

இலங்கை மலையகத்தின் வட்டவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டுவது புதிதன்று. எனினும், கொழுந்து மலையில் கொட்டுண்ட பெண்ணொருத்தி உதடும் கண்ணிமையும் வீங்கி, கன்னத்தில் காய்ந்த சுண்ணாம்புடன், மூச்சுத் திணறும் நிலையில், நேரமெல்லாம் கழிந்தபின் வைத்தியசாலை வாசலில் இறக்கப்படுவதைத் திரும்பத் திரும்பக் காணும் வைத்தியனுக்கு, விஷத்தைக் காட்டிலும் வீணாகிப்போன அந்த நேரமே பெரிய சத்துருவாகத் தோன்றுகிறது. அந்த நேரத்தைக் காக்கவல்லவர் பல தோட்டங்களில் அருகிலேயே இருக்க, அவரைத் தாண்டிக் கடைக்கும் கைவைத்தியத்துக்கும் போவது நம் துர்ப்பாக்கியம்.

டிஸ்பென்சரி ஐயா

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலும் அதற்குப் பின்னரும், முழு வைத்தியர் எட்டாத மலைகளில் முதற்சிகிச்சையைச் சுமந்து வந்தவர், டிஸ்பென்சர் என்றும் பின்னர் தோட்ட வைத்திய உதவியாளர் என்றும் அழைக்கப்பட்டவரே. அமெரிக்காவில் 1965இல் டியூக் பல்கலைக்கழகம் வைத்தியர் உதவியாளர்களுக்கும், கொலராடோ பல்கலைக்கழகம் நோயாளரைத் தாமே பரிசோதிக்கும் தாதியருக்கும் பயிற்சி தொடங்கின; அந்த உபாயத்தின் அவசியத்தை மலையகம் வெகுமுன்னரே உணர்ந்திருந்தது. தோட்ட வைத்திய உதவியாளர் வைத்தியருக்குப் பிரதியானவர் அல்லர். ஆனால் அபாயத்தை இனங்கண்டு, முதல் மருந்தைக் கொடுத்து, தாமதமின்றி மேலே அனுப்புவதே பல வேளைகளில் உயிரைக் காக்கிறது.

விட்டொழிக்க வேண்டிய நம்பிக்கைகள்

சுண்ணாம்பு விஷத்தை முறிக்கும் என்பது முதல் பிழை. விஷம் தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது. மேலே பூசிய சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்குமேயன்றி உள்ளே சென்று எதையும் தடுக்காது.

வீக்கம் வடிந்தால் விஷமும் வடிந்தது என்பது இரண்டாவது. பல இடங்களில் கொட்டுண்டவருக்குச் சிறுநீரகம் பின்னரும் பழுதுபடலாம். சிறுநீர் குறைந்தாலோ தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

கடையில் வாங்கிய வலி மாத்திரை போதும் என்பது மூன்றாவது. இதை எத்தனை தரம் சொல்வது! டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவை தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

‘டிஸ்பென்சரியில் என்ன இருக்கிறது?’ என்ற அலட்சியமே எல்லாவற்றிலும் கொடியது. மூச்சுத் திணறி மயக்கம் வரும்போது தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே ஏற்றப்படும் அட்ரினலின் ஊசிக்கு ஈடான மருந்து வேறில்லை.

பரிசோதனை

சிறுநீரகம் பழுதுபட்டதா என்று அறிய, கொட்டுண்டவரின் இரத்தமும் சிறுநீரும் வைத்தியசாலையில் பரிசோதிக்கப்படும்.

ஒரு வேண்டுகோள்

தாய்மாரே, மலையில் குளவிக்கூடு கண்டால் கங்காணியிடம் சொல்லுங்கள்; அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடுமே என்று அந்த நிரையில் கொழுந்து எடுக்காதீர்கள். கொட்டுண்டவரை நடக்கவைக்காதீர்கள், மயங்கினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். ஒருவர் டிஸ்பென்சரிக்கு ஓட, மற்றொருவர் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை.

தோட்ட நிர்வாகத்தாரையும் சுகாதார அதிகாரிகளையும் கைகூப்பிக் கேட்கிறேன்: வைத்திய உதவியாளரின் இடத்தை வெற்றிடமாக விடாதீர்கள்; பணியில் இருப்பவருக்குப் புதுப்பயிற்சி கொடுங்கள்; அட்ரினலின் காலாவதியாகாமல் அவர் கையில் இருக்கச் செய்யுங்கள். வைத்தியசாலைக்கு வந்தபின் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். உயிரோடு வந்துசேர அவர் வேண்டும்.