அரிசி மில் எலிவேட்டரும் உங்கள் கம்ப்யூட்டர் ஃபேனும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி வைரஸ் பற்றியது அல்ல. “சார், உள்ளே இருந்து உர்ர் என்று ஒரு சத்தம் வருகிறது. ஏதாவது ஆகிவிடுமா?” என்பதுதான். பெரும்பாலும் நான் போனிலேயே “ஃபேனாக இருக்கும், தூசியைத் துடையுங்கள்” என்று சொல்லி வைத்துவிடுவேன். அந்தச் சத்தத்தை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அரிசி மில் ஃபிட்டர்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என் பெரியம்மா மகன் இருக்கிறார். ஊர்ப் பெயரைச் சொன்னால் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. விடிந்ததும் டிபன் பாக்ஸோடு மில் வேலைக்குப் போகிறவர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். அண்ணன் அவர்களில் ஒருவர். பெண்ணின் படிப்புக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கியிருந்தார். சத்தம் போடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்.

பவரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பின்புறம் இருந்த ஃபேனை விரலால் சுற்றினால் இரண்டு சுற்றிலேயே நின்றது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது புஷ் காய்ஞ்சு போனது. எங்க எலிவேட்டர்ல ரெண்டு வருஷமா இதே சத்தம்தான். சொன்னா யாரு கேக்குறா?”

எலிவேட்டர் என்றதும் லிஃப்ட்டை நினைக்க வேண்டாம். அரிசி மில்லில் எலிவேட்டர் என்றால், ஒரு நீண்ட பெல்ட்டில் வரிசையாக பக்கெட்டுகளைப் பொருத்தி, கீழே கொட்டும் நெல்லை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும் இயந்திரம். கோமுகி அணைப் பாசனத்தில் விளையும் நெல் அரிசியாவதற்குள் இப்படிப் பல எலிவேட்டர்களில் ஏறி இறங்குகிறது. மேலே ஒரு ஷாஃப்ட், கீழே ஒரு ஷாஃப்ட். இவை சுழலும்போது தாங்கிப் பிடிப்பதுதான் பேரிங். கம்ப்யூட்டர் ஃபேனிலும் இதே வேலைக்கு ஒரு பேரிங் இருக்கிறது. அளவுதான் வேறு.

புஷ், பால், எண்ணெய்ப் படலம்

பேரிங்கில் நமக்குத் தெரிய வேண்டியவை மூன்று வகை. முதலாவது புஷ். ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் உலோகக் குழாய், நடுவில் எண்ணெய் அல்லது கிரீஸ். விலை குறைவு, புதிதில் சத்தமே இருக்காது. எண்ணெய் வற்றினால் உலோகமும் உலோகமும் உராயும். கம்ப்யூட்டர் கடையில் ‘ஸ்லீவ் பேரிங்’ என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது பால் பேரிங். இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகு குண்டுகள் உருளும். தேய்வதற்கு பதில் உருள்வதால் உராய்வு பல மடங்கு குறைவு. ஸ்லீவ் ஃபேன் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பால் பேரிங் ஃபேன் சாவதற்கு முன் பல நாள் சத்தம் போட்டு எச்சரிக்கும். அந்த வகையில் அது நல்ல வேலைக்காரன்.

மூன்றாவது ஃப்ளூயிட் டைனமிக் பேரிங். புஷ்ஷைப் போலத்தான், ஆனால் உள்ளே நுண்ணிய பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது இவை எண்ணெயை அழுத்தி ஒரு படலமாக்கி அதன் மேலேயே ஷாஃப்ட்டை மிதக்க வைக்கும். இதைப் பெரிய அளவில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது ஹார்ட் டிஸ்க்தான். சீகேட் நிறுவனத்தின் பாரகுடா ஏடிஏ 4 டிரைவ் 2001-ல் இந்த பேரிங்கோடு வந்தது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எஃகு குண்டுகள் முழு உருண்டையாக இருப்பதில்லை. அதனால் தட்டில் வரும் மிகச்சிறிய ஆட்டம், தகவல் எழுதும் டிராக்குகள் நெருங்க நெருங்கப் பெரிய தொல்லையாகிவிட்டது. இப்போது வாங்கும் கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்டி வந்துவிட்டதால் அங்கே சுழல்வது எதுவும் இல்லை. ஃபேன் மட்டும் மிச்சம்.

மில்லில் நடந்தது

அண்ணன் வேலை பார்க்கும் மில்லில் ஒரு பழைய எலிவேட்டரில் மேலும் கீழும் கன்மெட்டல் புஷ்தான். வாரத்துக்கு இரண்டு முறை ஒருவர் ஏணியில் ஏறி கிரீஸ் கப்பைத் திருக வேண்டும். ஏறாத வாரமும் உண்டு. புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஷாஃப்ட் சாய, பெல்ட்டும் ஓரம் போய் தகரப் பெட்டியில் உரசியது. ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்டில் ரப்பர் கருகும் வாசனை. அடியில் சேர்ந்திருந்த உமித்தூசி புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். முதலாளி சொன்னது: “அணைஞ்சிருச்சுல்ல, ஓட்டுங்க.”

இது சின்ன விஷயம் அல்ல. தானியத் தூசி காற்றில் பரவி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் வெஸ்ட்வீகோ என்ற ஊரில் 1977 டிசம்பர் 22 அன்று ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் இன்னொன்று. அங்கே 1987-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளில் பக்கெட் எலிவேட்டரின் பேரிங்குக்கே தனி இடம் உண்டு. பேரிங் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சூட்டையோ அதிர்வையோ கவனிக்கும் கருவி வேண்டும். பெல்ட்டின் வேகம் 20 சதவீதம் குறைவதற்குள் மோட்டார் தானாக நிற்கவும் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரின் பயாஸ், சிபியு ஃபேன் நின்றால் எச்சரிக்கிறதே, அதே யோசனைதான்.

காதில் ஸ்க்ரூ டிரைவர், கையில் கம்ப்யூட்டர்

அண்ணன் எலிவேட்டரைச் சோதிக்கும் முறை எளியது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் பெட்டியில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். “புஷ்ஷை விடு, மோட்டார் பேரிங்கும் போயிருச்சு” என்றார். முதலாளி நம்பவில்லை. அதனால் அண்ணன் என்னிடம், “உன் கம்ப்யூட்டர்ல இத காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

முடியும். அதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். முதல் முறை நான் சொதப்பினேன். மில் முழுவதும் ஓடும்போது மொபைலில் ரெக்கார்டு செய்தேன். உமி நீக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் எல்லாம் மூழ்கிவிட்டது. மறுநாள் நெல் போடாமல் எலிவேட்டரை மட்டும் ஓட்டச் சொல்லி, மொபைலை மோட்டாருக்கு அருகில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்தேன். மோட்டாரின் மீதோ பெல்ட் அருகிலோ வைக்காதீர்கள். தளர்ந்த சட்டையும் வேண்டாம்.

அந்த ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து, முழுவதையும் செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதை கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 32768 தேர்ந்தெடுங்கள். இது முக்கியம். 2048 என்று சிறிதாக வைத்தால், சாதாரணமான 44100 ஹெர்ட்ஸ் பதிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 21 ஹெர்ட்ஸ் இடைவெளி விழும். நாம் தேடுவது அதற்குள் ஒளிந்துகொள்ளும். 32768-ல் இடைவெளி 1.3 ஹெர்ட்ஸ்தான்.

என்ன தேடுகிறோம்? அந்த 2 ஹெச்.பி. மோட்டாரின் தகட்டில் 1440 ஆர்.பி.எம். என்று இருந்தது. விநாடிக்கு 24 சுற்று. பேரிங் எண் 6205, உள்ளே 9 குண்டுகள். வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்திருந்தால், ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுவதற்குள் குண்டுகள் அதன் மேல் சுமார் 3.58 முறை தட்டும். உள் வளையத்தில் என்றால் 5.42 முறை. 24-ஐப் பெருக்கினால் 86, 130. எங்கள் கிராஃபில் 86-க்குப் பக்கத்திலும் அதன் இரு மடங்கான 172-க்குப் பக்கத்திலும் கூர்மையாக இரண்டு மேடுகள். 130-ல் ஒன்றும் இல்லை.

எல்லா மோட்டாரிலும் இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். மொபைல் மைக் தாழ்ந்த சத்தங்களைச் சரியாகப் பிடிக்காது. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து வைத்து, மாதாமாதம் அதோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான முறை. எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றியபோது வெளி வளையத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு குழி. ஸ்க்ரூ டிரைவர் சொன்னதையேதான் கம்ப்யூட்டரும் சொன்னது. ஆனால் கிராஃபைப் பார்த்த பிறகுதான் முதலாளி பணத்தை எடுத்தார். இருபது வருட அனுபவக் காதை நம்பாதவர் ஐந்து நிமிடக் கிராஃபை நம்பியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

என்ன மாற்றினார்கள்?

மோட்டாருக்குப் புதிய 6205. மேல் ஷாஃப்ட்டில் புஷ்ஷை எடுத்துவிட்டு யு.சி.பி. 206 என்ற பிளம்மர் பிளாக். கீழே பெல்ட்டை இறுக்கும் பக்கம், முன்னும் பின்னும் நகரும் யு.சி.டி. 206. இந்த எண்களைப் படிப்பது எளிது. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் ஷாஃப்ட்டின் தடிமன் வரும். 05 என்றால் 25 மில்லிமீட்டர், 06 என்றால் 30. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது. 03 என்பது 17 மில்லிமீட்டர்.) பின்னால் இசட் இசட் என்றிருந்தால் இரு பக்கமும் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. உமித்தூசி பறக்கும் இடத்துக்கு ரப்பர்தான்.

இந்த பிளம்மர் பிளாக்கில் ஒரு வசதி உண்டு. பேரிங்கின் வெளிப்புறம் பந்து போல வளைந்திருப்பதால், ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பொருத்தும்போது அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். மண் இறங்கி, ஆங்கிள் வளைந்த பழைய எலிவேட்டருக்கு இது ரொம்ப அவசியம். இதற்கு அண்ணன் போன்ற ஒரு கதை ஸ்வீடனில் உண்டு. கோதன்பர்க் நகரில் ஒரு துணி மில்லின் என்ஜினியர் ஸ்வென் விங்க்விஸ்ட். மில் நின்ற களிமண் தரை நகர்ந்துகொண்டே இருந்ததால் நீண்ட ஷாஃப்ட்டுகள் கோணி, பேரிங்குகள் அடிக்கடி போயின. தானாகச் சாய்ந்துகொள்ளும் இரட்டை வரிசை பால் பேரிங்கை 1907-ல் அவர் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அதற்காகவே எஸ்.கே.எஃப். நிறுவனம் தொடங்கப்பட்டது.

கரண்ட் பில் பாதியாகக் குறையுமா என்று முதலாளி கேட்டார். குறையாது. ஒரு மணிக்கு 4 டன் நெல்லை 10 மீட்டர் உயரம் தூக்கக் கணக்குப்படி 109 வாட்ஸ்தான் தேவை. ஒன்றிரண்டு ஃபேன்களுக்கு ஆகும் கரண்ட். அதற்கு மேல் மோட்டார் எடுப்பதெல்லாம் கியர், பெல்ட், அடியில் குவிந்த நெல்லை பக்கெட் தோண்டுவது, உராய்வு என்று பல வழிகளில் போகிறது. பேரிங் மாற்றினால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும். பெரிய லாபம், ராத்திரியில் கருகும் வாசனை வராததுதான். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கி அதையும் கெடுத்துவிடலாம். பால் பேரிங்கின் மேல் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

உங்கள் ஃபேனுக்கு

அண்ணன் வீட்டு ஃபேனுக்கு வருவோம். அதன் நடு ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டு மீண்டும் ஒட்டினேன். சத்தம் நின்றது. இது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைவது போல ஃபேனிலும் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கையும் திறக்காதீர்கள்.

ஃபேன் வேகத்தைப் பார்க்க, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெல் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போய் ஹார்டுவேர் மானிட்டர் பகுதியைப் பாருங்கள். இன்று உள்ள ஆர்.பி.எம். எண்ணை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். புதிய ஃபேன் வாங்கும்போது அட்டையில் பேரிங் வகை போட்டிருக்கும். மேலே காற்று விடும்படி படுக்க வைக்கும் ஃபேன் என்றால் ஸ்லீவ் வேண்டாம். பால் அல்லது ஃப்ளூயிட் கேளுங்கள்.

அண்ணன் இப்போது மாதம் ஒரு முறை எலிவேட்டர் சத்தத்தை மொபைலில் பதிவு செய்து அனுப்புகிறார். போன வாரம் வந்த ஃபைலில் எனக்கு ஒன்றுமே புலப்படவில்லை. கேட்டால், அது மில் மோட்டார் இல்லையாம். பக்கத்து வீட்டு கிரைண்டராம்.