தன்னம்பிக்கை: சில மயக்கங்களும் தெளிவும்

மாணாக்கரின் தேர்ச்சி அறிக்கைகளில் ஆசிரியர் எழுதும் குறிப்புக்களுள் "தன்னம்பிக்கை போதாது" என்பதும் ஒன்று. எழுதுதற்கு அஃது எளிது. அதனை வாசிக்கும் பெற்றோருக்கோ மாணவனுக்கோ, மேற்கொண்டு யாது செய்வதென்பது புலப்படுவதில்லை. கணிதத்திற் பின்னிற்பவனுக்குக் கணிதம் பயிற்றுகின்றோம். கையெழுத்துத் திருந்தாதவனுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கின்றோம். தன்னம்பிக்கை குன்றியவனை நோக்கி மாத்திரம், "தன்னம்பிக்கை கொள்" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். இதற்குக் காரணம், அப்பண்பைப்பற்றி நம்மிடையே வேரூன்றிய மயக்கங்களேயாம். அவற்றுள் நான்கினை ஈண்டு ஆராய்ந்து, தன்னம்பிக்கை வளரும் வழி யாதென்பதையும் நோக்குவாம்.

முதலாவது மயக்கம், தன்னம்பிக்கை பிறவிக்குணம் என்பது. "அவன் பிறப்பிலேயே கூச்சமுள்ளவன்" என்று சிலரை நாம் ஒதுக்கிவிடுகின்றோம். காந்தியடிகளின் வரலாறு இதற்கு மறுப்பாகும். அவர் இலண்டனிற் சட்டம் பயின்ற காலத்தில், தாமே எழுதிக்கொண்டு சென்றதையும் ஒரு சங்கக் கூட்டத்தில் வாசிக்க மாட்டாராய்ப் பிறரைக்கொண்டு வாசிப்பித்தார். பாரிஸ்டராகிப் பம்பாய் மீண்டபின், தமக்குக் கிடைத்த முதல் வழக்கிற் சாட்சியை விசாரிக்க எழுந்து, நாவெழாது அமர்ந்தார். வழக்கினை வேறொருவரிடம் ஒப்பிக்கும்படி கூறிவிட்டு நீங்கினார். அவரே 1893 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகரைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மை என்னும் பொருள்பற்றிப் பேசினார். பேசவேண்டியதை நன்கு ஆயத்தஞ் செய்துகொண்டே அவர் அங்குச் சென்றார். தமது வாழ்வின் முதற் பொதுப்பேச்சு அதுவே என்று தம் சுயசரிதையிற் குறிக்கின்றார். பிறவிக்குணம் இரண்டாண்டுகளில் மாறிவிடவில்லை. சொல்லவேண்டிய பொருளும், அதனைக் கேட்கவேண்டிய மக்களும் அவருக்கு வாய்த்தமையே வேற்றுமை.

இரண்டாவது மயக்கம், தன்னம்பிக்கை எல்லாச் செயல்களுக்கும் பொதுவானதொரு சரக்கு என்பது. கடற்கரையூர் மாணவன் ஒருவன் தந்தையோடு காற்றிலும் அலையிலும் வள்ளஞ் செலுத்துவான். வகுப்பிலே ஐந்து நிமிடம் பேசச்சொன்னால் நடுங்குவான். இவன் தன்னம்பிக்கை உள்ளவனா, இல்லாதவனா? வினாவே பிழையானது. கனடாவிற் பிறந்து அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய உளவியலறிஞர் அல்பேட் பண்டூரா, 1977 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக்கினார். "குறித்த இச்செயலை என்னாற் செய்யமுடியும்" என்னும் துணிபே மனிதனுடைய முயற்சியை நடத்துகின்றதென்பது அவர் கொள்கை. ஆகவே, தன்னம்பிக்கை செயலுக்குச் செயல் வேறுபடும். கடலிற் பெற்ற துணிவு மேடைக்குத் தானாக வந்து சேராது. மேடையிற் பெறவேண்டியதை மேடையிலேதான் பெறவேண்டும்.

மூன்றாவது மயக்கம், அச்சமின்மையே தன்னம்பிக்கை என்பது. இளங்கன்று பயமறியாது என்பர். அதனைத் தன்னம்பிக்கை என யாரும் கூறார். கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டன்னிங், குரூகர் என்னும் இருவர் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தருக்கம், இலக்கணம் முதலியவற்றில் மிகக்குறைந்த புள்ளி பெற்றோரும் தம்மைச் சராசரிக்கு மேற்பட்டோராகவே மதித்திருந்தனர். அறியாமையும் ஒருவகைத் துணிவைத் தருமென்பது இதனாற் பெறப்படும். மறுபுறத்தில், காந்தியடிகளின் கூச்சம் அவரை முற்றாக விட்டு நீங்கியதில்லை. சொற்களை அளந்து பேசும் பழக்கத்தை அது தமக்கு அளித்ததென அவரே கூறுகின்றார். பரீட்சை மண்டபத்து வாயிலில் நெஞ்சு படபடத்தல் தோல்வியின் அறிகுறியன்று. உடல் ஒரு முயற்சிக்கு ஆயத்தமாவதன் அறிகுறி என்றுங் கொள்ளலாம்.

நான்காவது மயக்கம், புகழ்ச்சியால் தன்னம்பிக்கையை ஊட்டிவிடலாம் என்பது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 1986 ஆம் ஆண்டிலே தன்மதிப்பை வளர்ப்பதற்கென ஒரு குழுவையே அமைத்தது. தன்மதிப்பு உயர்ந்தாற் கல்வியும் ஒழுக்கமும் உயருமென்பது அக்காலத்து நம்பிக்கை. பௌமைஸ்ரர் என்பாரும் துணையாசிரியரும் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2003 ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, தன்மதிப்பை உயர்த்துவதாற் கல்வித்தேர்ச்சி உயருமென்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. தேர்ச்சியே ஓரளவு தன்மதிப்பைத் தருகின்றதெனத் தோன்றியது.

புகழ்ச்சியின் வகையும் கருதற்பாலது. மியூலர், டுவெக் என்னும் இருவர் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களை விடுத்தபின், ஒரு சாராரை "நீ கெட்டிக்காரன்" என்றும், மற்றொரு சாராரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினர். பின்னர் யாவருக்கும் கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன. அதிலே இடறியபின், கெட்டிக்காரர் எனப்பட்டோர் ஊக்கங் குன்றி, அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்னையிலும் குறைவாகவே செய்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர் சோராது முன்னேறினர். கெட்டிக்காரன் என்னும் பட்டத்தைப் பெற்ற பிள்ளைக்கு ஒவ்வொரு தவறும் அப்பட்டத்தைப் பறிக்க வரும் பகையாகின்றது போலும்.

இந்நான்கு மயக்கங்களுக்கும் அடியிற் கிடப்பது ஓரெண்ணமே: முதலில் நம்பிக்கை, பின்னர்ச் செயல் என்பது. உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. சிறிய செயல் முன்னே செல்ல, நம்பிக்கை அதன் பின்னே வருகின்றது. பண்டூரா தன்னம்பிக்கையின் ஊற்றுக்களாக நான்கினைக் கூறினார்: தானே செய்து பெற்ற வெற்றி, தன்னையொத்தவர் செய்யக் காணல், பிறர் கூறும் ஊக்கவுரை, தன் உடல் மன நிலையைத் தான் உணருமாறு. இவற்றுள் வலியது முதலாவது. வெற்று ஊக்கவுரை விரைவில் வற்றிவிடும். பாம்புக்கு அஞ்சுவோரிடம் அவரும் துணைவரும் நடத்தி 1969 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிறர் பாம்பைத் தொடுதலை நேரிற் கண்டு, வழிகாட்டியின் துணையோடு படிப்படியாகத் தாமும் தொட்டவர்களே மிகுந்த பயன் பெற்றனர். படச்சுருளில் மாத்திரம் கண்டவர்கள் அத்துணைப் பயன் பெறவில்லை.

வகுப்பறைக்கும் இம்முறை பொருந்தும். பேச அஞ்சும் மாணவனைப் பரிசளிப்பு விழா மேடையில் ஏற்றிவிடுதல் நீந்தத் தெரியாதவனை ஆழக்கடலில் தள்ளுவதாகும். முதல் வாரம் அவன் தன் இருக்கையிலிருந்தே ஒரு பந்தியை உரக்க வாசிக்கட்டும். அடுத்து, நண்பர் நால்வருக்கு ஒரு கணக்கினை விளக்கட்டும். பின்னர், நன்கறிந்த பொருளொன்றைப்பற்றி வகுப்பின்முன் இரண்டு நிமிடம் பேசட்டும். அதன்பின் மாணவர் மன்றத்தில் ஒரு வினா எழுப்பட்டும். ஒவ்வொரு படியும் அவனாற் கடக்கத்தக்கதாயும், முன்னையதினும் சிறிது உயர்ந்ததாயும் இருத்தல் வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமன்றோ? நாவன்மை மிக்க பெரியாரை முன்மாதிரியாகக் காட்டுவதினும், சென்ற ஆண்டு தன்னைப்போலவே தடுமாறி இன்று பேசும் மேல்வகுப்பு மாணவனைக் காட்டுதல் அவனுக்குப் பெரிதும் உதவும். தவறியவிடத்து நகைத்தலை வகுப்பில் அறவே விலக்கல் வேண்டும். ஒரு நகைப்புப் பல படிகளைச் சரித்துவிடும்.

கேள்வி கேட்க வாயெடுத்து அடங்கிப்போகும் பிள்ளைகள் எல்லா வகுப்புக்களிலும் உளர். அவர்கள் குழப்பஞ் செய்வதில்லை. ஆதலால் நம் கண்ணிற் படுவதுமில்லை. பலர் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு கல்லூரியிற் பயின்றும், தம் குரலை மண்டபத்தில் ஒருமுறையேனும் கேளாமலே வெளியேறிவிடுகின்றனர். ஆகவே, "தன்னம்பிக்கை போதாது" என்று எழுதுமுன் மூன்று வினாக்களை ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டல் நன்று: எச்செயலிற் போதாது? அச்செயலில் இவன் இதுவரை ஏறிய படி எது? அடுத்த படியாக நாம் இவனுக்குக் கொடுக்கப்போவது யாது? மூன்றாவது வினாவின் விடையே அறிக்கையில் எழுதத்தக்கது.