நிணநீர்க் கணுவுக்குள் ஒளிந்திருப்பது



"கட்டியை எடுத்தாயிற்று; இனி பயமில்லையே, டாக்டர்?" பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கேட்கும் கேள்வி இது. பதில், குடலோடு சேர்த்து எடுக்கப்பட்ட கொழுப்பில் புதைந்துள்ள நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது. சில கணுக்கள் கடுகளவே இருக்கும்.

பரிசோதனைக்கூடத்தில் குறைந்தது 12 கணுக்களையாவது தேடியெடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் நோய் இருந்தாலும் அது மூன்றாம் நிலை. பொதுவாகக் கீமோதெரபி தேவை. ஒன்றிலும் இல்லையென்றால் பலருக்கு ஆபரேஷனே போதும். ஆயினும் இவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. இரத்தத்தின் வழியே பரவுவது ஒரு காரணம். கணுவில் கண்ணுக்குத் தப்பியது மற்றொரு காரணம்.

5 மி.மீ. அளவுள்ள கணுவை 5 மைக்ரான் தடிமனில் சீவினால் 1000 சீவல்கள் வரும். வழக்கமாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஓரிரண்டுதான். மீதியில் சிறு நோய்த்திட்டு ஒளிந்திருக்கலாம். கூடுதல் சீவல்கள் எடுத்து, சைட்டோகெரட்டின் என்னும் புரதத்தைக் காட்டும் சாயமுறையில் பார்த்தால், தனித்த ஒரு நோய் அணுவும் பழுப்பாய்த் தெரியும்.

ஆனால் 0.2 மி.மீ.க்கும் குறைந்த சில அணுக்களை மட்டும் வைத்து மூன்றாம் நிலை என்று சொல்வதில்லை. தேவையற்ற கீமோதெரபியும் நோயாளிக்குப் பாரமே.

காணாமற்போன வெள்ளிக்காசை விளக்கேற்றித் தேடிய ஸ்திரீயைப்போல, பொறுமையாய்த் தேடும் கண்கள் வேண்டும். பரிசோதனைக்கூட ஊழியர்களுக்காக ஜெபியுங்கள். உங்கள் காணிக்கை அந்த விளக்குக்கு எண்ணெய்.