மாலை 4 மணிக்கே இருட்டிடும் பிராக்... ஜோடியா ஒரு குளிர்கால நாளைப் பிளான் பண்றது எப்படி?

ஐரோப்பா டூர் போகும் ஜோடிகளின் லிஸ்ட்டில் செக் குடியரசின் தலைநகர் பிராக் கண்டிப்பா இருக்கும். மலைமேல் கோட்டை, ஆற்றின் குறுக்கே கல் பாலம், கூரான கோபுரங்கள், அதுமேல கொஞ்சம் பனி... போட்டோ பார்த்தாலே கிளம்பிடலாம்னு தோணும்.

ஆனா, அந்த போட்டோக்கள் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. டிசம்பர் பின்பாதியில் பிராக்கில் சூரியன் உதிக்கவே காலை 8 மணி ஆகிடும். மாலை 4 மணிக்கு மறைஞ்சிடும். ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும் ஊரில், இப்போ கையில் இருப்பது வெறும் 8 மணி நேரம்தான்.

இதை யோசிக்காம 12 இடங்களை லிஸ்ட் போட்டுக்கிட்டுப் போனா என்ன ஆகும்? மூணு மணிக்கு மேல ஒருத்தர், ``இன்னும் ரெண்டே இடம்தான், வாயேன்'' என்பார். இன்னொருத்தர், ``எனக்குக் கால் மரத்துப்போச்சு, நீ வேணா போயிட்டு வா'' என்பார். ஆசை ஆசையாய்ச் சேர்த்த லீவில் ஒரு நாள் காலி.

தப்பிக்க வழி ரொம்ப சிம்பிள். வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டினதும் உள்ளே. இந்தக் கணக்கில் ஒரு நாளைப் பிரிச்சுப் பார்ப்போம்.

காலை 7.45: பாலத்தில் விடியல்

8 மணிக்குத்தான் விடியும் என்பதில் ஒரு லாபம் இருக்கு. நடுராத்திரி அலாரம் வைக்காமலே சூரிய உதயம் பார்க்கலாம். அதுக்கான இடம், வல்டாவா ஆற்றின்மேல் இருக்கும் சார்லஸ் பாலம். மன்னர் நான்காம் சார்லஸ் 1357-ல் தொடங்கிய இந்தப் பாலத்தின் நீளம் 516 மீட்டர். இருபக்கமும் 30 சிலைகள். பகலில் கூட்டம் நெரிக்கும் இந்த இடத்தில், காலையில் நீங்க ரெண்டு பேரும் நிதானமா நடக்கலாம்.

காலை 9: முதலில் கோட்டை

பாலத்தின் மறுகரையில் மலைமேல் இருப்பது பிராக் கோட்டை. நடந்தே ஏறலாம். ஏற்றம் வேண்டாம்னா 22-ம் நம்பர் டிராம் இருக்கு. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் கட்டடங்களை மாலை 4 மணிக்கே மூடிடுவாங்க. அதனால, கோட்டையை மதியத்துக்குத் தள்ளிப்போடாதீங்க.

இங்கே தவறவிடக் கூடாதது புனித வீட்டஸ் தேவாலயம். 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முழுமையாக முடிச்சாங்க. கிட்டத்தட்ட 600 வருஷ வேலை! ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும் என்பதால், அன்னிக்கு மதியம்தான் சுத்திப் பார்க்க முடியும்.

அப்படியே `தங்கச் சந்து' என்ற குட்டித் தெருவுக்கும் போங்க. அங்கே 22-ம் எண் வீட்டில்தான் எழுத்தாளர் காஃப்கா 1916-17-ல் உட்கார்ந்து எழுதினார். மதியம் 12 மணிக்கு காவலர்கள் மாறும் அணிவகுப்பைப் பார்த்துட்டு இறங்கினா சரியா இருக்கும்.

மதியம் 12.30: சூப் பிரேக்

மூணு மணி நேரம் குளிரில் நின்னாச்சு. இப்போ உடம்பு சூடேறணும். கோட்டைக்குக் கீழே இருக்கும் பகுதியில் உணவகங்கள் நிறைய. செக் நாட்டுக்காரர்கள் குளிருக்கு விரும்பிக் குடிப்பது பூண்டு சூப்பும் உருளைக்கிழங்கு சூப்பும். சைவம்னா, சூப்பில் இறைச்சி சேர்த்திருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. பொரித்த சீஸ் பெரும்பாலான மெனுவில் இருக்கும். இங்கே யூரோ இல்லை, கொருனாதான் நாணயம்.

மதியம் 2: ஆளுக்கு ஒரு சாய்ஸ்

சூரியன் மறைய இன்னும் ரெண்டு மணி நேரம். இதை ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்கு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. ஒருத்தர் தேர்வை இன்னொருத்தர் குறை சொல்லக் கூடாது. பாலத்தை ஒட்டிய கம்பா தீவில் ஆற்றோரம் நடக்கலாம். பக்கத்திலேயே லெனான் சுவர் இருக்கு. 1980-ல் பாடகர் ஜான் லெனான் கொல்லப்பட்ட பிறகு, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த இளைஞர்கள் மனசில் இருந்ததை எழுதிய சுவர் இது. அதிகாரிகள் வெள்ளையடிக்க, இவங்க திரும்பத் திரும்ப எழுதினாங்க. `சும்மா உட்காரலாம்' என்பதும் ஒரு சாய்ஸ்தான்!

மாலை 4: விளக்கேற்றும் நேரம்

இருட்டும் நேரத்தில் திரும்பப் பாலத்துக்கு வாங்க. இங்கே இருப்பது கேஸ் விளக்குகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், பழங்கால உடையில் ஒருத்தர் நீளமான கம்போடு வந்து ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கிட்டே போவார். சீக்கிரம் இருட்டுறதைத் திட்டிக்கிட்டே வந்தவங்களுக்குக்கூட இந்தக் காட்சி பிடிச்சிடும்.

மாலை 5: கடிகாரம் சொல்லும் கணக்கு

பாலத்தைத் தாண்டினா பழைய நகரச் சதுக்கம். 1410-ல் அமைத்த வானியல் கடிகாரம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஒவ்வொரு மணிக்கும் மேலே ஜன்னல் திறந்து திருத்தூதர்களின் உருவங்கள் வரிசையா வரும். எல்லோரும் அதை மட்டும் வீடியோ எடுத்துட்டுப் போயிடுவாங்க.

நீங்க கடிகாரத்தின் வெளி வளையத்தைப் பாருங்க. அதில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கும். அது பழைய செக் நேரம். அந்தக் கணக்கில் நாள் நள்ளிரவில் முடியாது. சூரியன் மறையும்போது முடியும். அதனால, வருஷம் முழுக்க சூரிய அஸ்தமனத்துக்கு ஏற்ப அந்த வளையம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். டிசம்பரில் நம்ம மணி 5 என்றால், அதில் ஏறக்குறைய 1. அதாவது, புது நாள் தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆச்சு!

அப்புறம்? உள்ளே!

இனி சூடான காபியும் அரட்டையும்தான். தேசிய நாடக அரங்குக்கு எதிரே இருக்கும் கஃபே ஸ்லாவியா 1884-ல் திறந்தது. ஜன்னலோரம் கிடைச்சா ஆறு தெரியும். நாடகம், ஓபரா சீசனும் குளிர்காலத்தில்தான் களைகட்டும். மோசார்ட்டின் `டான் ஜியோவானி' 1787-ல் முதன்முதலில் அரங்கேறியது இந்த ஊரில்தான்.

கிளம்பும் முன்...

* ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட, மூணு மெல்லிய அடுக்குகள் பெஸ்ட். அடுக்குகளுக்கு நடுவில் தங்கும் காற்றுதான் உடல் சூட்டைக் காப்பாத்தும். உள்ளே போனதும் கழற்றுவதும் ஈஸி.
* தெருக்கள் முழுக்க கல் பாவிய தரை. ஈரத்தில் வழுக்கும். கிரிப் உள்ள ஷூ அவசியம்.
* குளிரில் பேட்டரியின் உள்ளே வேதிவினை மந்தமாகி, போன் சட்டுனு ஆஃப் ஆகலாம். கோட்டின் உள்பாக்கெட்டில் வைங்க.
* ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எங்கேயாவது உள்ளே போய் உட்காருங்க. பசியும் குளிரும் சேரும்போதுதான் பாதி சண்டை தொடங்கும்.

லிஸ்ட்டில் நாலு இடம் விட்டுப்போச்சா? பரவாயில்லை. கோட்டையும் பாலமும் 600 வருஷத்துக்கும் மேல நிக்குது, அடுத்த முறையும் இருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா லீவு எடுத்த நாள் அப்படி இல்லை.